கவலை போதாத குடும்பம்

அந்த வீட்டில் கவலை போதவில்லை என்பதை அரசாங்கம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கண்டுபிடித்தது.

கண்டுபிடித்தவர் குடும்ப நெகிழிக் கவலை வாரியத்தின் ஆய்வாளர். இடம், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தள வீடு. அங்கே ஓர் அம்மாள் மழலையர் காப்பகம் நடத்திவந்தார். வேலைக்குப் போகும் தாய்மார்கள் காலையில் கைக்குழந்தையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு ஓடுவார்கள், சாயங்காலம் அதே ஓட்டமாக வந்து தூக்கிப்போவார்கள். குழந்தைகள் அவரை அத்தை என்று கூப்பிட்டன. குழந்தைகள் கூப்பிட்டதால் தாய்மார்களும் கூப்பிட்டார்கள். பிறகு பால்காரர், கட்டடத்துக் காவல்காரர் என்று பரவி, தெருவுக்கே அத்தை ஆகிவிட்டார். அந்த முறையில் பார்த்தால் மாநகரப் பேருந்து ஓட்டும் அவருடைய புருஷன் எல்லோருக்கும் மாமா ஆகவேண்டும். ஆனார். டிப்போ மேலாளர்கூட, "மாமா, நேத்து ஏன் வண்டியை லேட்டா எடுத்தீங்க?" என்றுதான் அதட்டுவார்.

வாரியம் பிறந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். பிளாஸ்டிக் பெருகிப்போய்விட்டது என்று ஊரெல்லாம் கூச்சல் எழுந்தபோது, அதை ஒழிக்க என்ன செலவாகும் என்று ஆராய ஒரு நிபுணர் குழு அமைந்தது. ஒழிப்பதைவிடக் கவலைப்படுவது மலிவு என்று அந்தக் குழு கண்டறிந்தது. ஆனால் மக்களை அவரவர் இஷ்டத்துக்குக் கவலைப்பட விட்டால் ஒருவர் அதிகம் படுவார், இன்னொருவர் குறைத்துப் படுவார். அதை ஒழுங்குபடுத்த ஒரு வாரியம் வேண்டாமா? வந்தது. குழந்தைகள் புழங்கும் எந்த இடத்துக்கும் உரிமம் புதுப்பிக்க வாரியத்தின் சமநிலைச் சான்றிதழ் கட்டாயம் என்று சட்டமும் வந்தது. அத்தையின் உரிமம் மாதக் கடைசியோடு முடிகிறது. சான்றிதழ் கிடைக்காவிட்டால் காப்பகத்துக்குப் பூட்டு.

ஆய்வாளர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"குழந்தைங்களுக்குப் பால் எதுல குடுக்கிறீங்க?"

"கைக்குழந்தைங்களுக்குக் கண்ணாடி பாட்டில் சார். கொஞ்சம் பெரிசுங்களுக்கு எவர்சில்வர் டம்ளர்" என்றார் அத்தை.

ஆய்வாளரின் முகம் லேசாக வாடியது. "விளையாட்டுச் சாமான்?"

"மரக்கட்டை, துணிப் பந்து. அப்புறம் என் சமையலறைக் கரண்டிங்க. அதான் ரொம்பப் பிடிக்குது."

முகம் இன்னும் வாடியது. குளியலறையை எட்டிப் பார்த்ததும்தான் அதில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. அங்கே ஒரு நீலத் தொட்டி இருந்தது.

"இது பிளாஸ்டிக்!"

"ஆமா சார். எங்க பொண்ணையே இதுலதான் குளிப்பாட்டினேன். அவ இப்போ காலேஜ் ஹாஸ்டல்ல இருக்கா. இது இன்னும் கீறல்கூட விடலை."

"இதைப் பார்க்கும்போது உங்க மனசுல என்ன தோணுது? யோசிச்சுச் சொல்லுங்க."

அத்தை தொட்டியை நன்றாகப் பார்த்தார். யோசித்தார். "கழுவி வெயில்ல கவுத்து வைக்கணும்னு தோணுது."

ஆய்வாளர் மாமாவிடம் திரும்பினார். மாமா அன்று மத்தியான வண்டி. லுங்கியோடு, இடுப்பில் ஒரு குழந்தையோடு நின்றுகொண்டிருந்தார். "உங்களுக்கு ராத்திரியில தூக்கம் வருதா?"

"தலையணையில தலை படக் காத்துக்கிட்டிருக்கும் சார்."

"பிளாஸ்டிக்கை நினைச்சு நடுவுல முழிப்பு வர்றதில்லையா?"

"அவர் குறட்டையை நினைச்சு எனக்குத்தான் முழிப்பு வரும்" என்றார் அத்தை. "இங்க பாருங்க சார். சூடான எதையும் பிளாஸ்டிக்ல ஊத்துறதில்லை. புதுசா வாங்குறதில்லை. இருக்கிறதை உடையற வரைக்கும் வெச்சுக்குவோம். நல்லா இருக்கிற தொட்டியைத் தூக்கிப் போட்டா அதுவும் குப்பைதானே? பால் பாக்கெட்டைக் கழுவிக் காயவெச்சுப் பழைய சாமான்காரர்கிட்ட போட்டுடுவோம். ஆரம்பத்துல இவர் எல்லாத்தையும் வீசுன்னார், நான் எதையும் வீசாதேன்னேன். ஒரு ஞாயித்துக்கிழமை சண்டை போட்டு இப்படின்னு முடிவு பண்ணிட்டோம். இதுல இனிமே கவலைப்பட என்ன இருக்கு?"

ஆய்வாளர் பையிலிருந்து முத்திரைக் கட்டையை எடுத்தார். "கவலைப் பற்றாக்குறை" என்று குத்திவிட்டுக் கிளம்பினார். வாசலில் நின்று, "முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு வறட்சியை நான் பார்த்ததில்லை" என்றார். வாரியம் தொடங்கியே அத்தனை வருஷம் ஆகவில்லையே என்று யாரும் கேட்கவில்லை.

*

மறுநாள் மாமா விடுப்பு எடுத்துக்கொண்டு வாரிய அலுவலகத்துக்குப் போனார்.

நல்ல அலுவலகம். வரவேற்பறையில் பிளாஸ்டிக் பூங்கொத்து இருந்தது. அதன் காலடியில் 'வருந்துகிறோம்' என்று ஒரு சின்ன அட்டை. ஒவ்வொரு மேசையிலும் தண்ணீர் பாட்டில். ஒவ்வொரு பாட்டிலிலும் 'இது கவலையோடு வாங்கப்பட்டது' என்று ஒட்டியிருந்தார்கள். மாமாவுக்கு உட்கார நாற்காலி காட்டிய ஊழியர், "பிளாஸ்டிக் நாற்காலிதான், கொஞ்சம் சங்கடப்பட்டுக்கிட்டே உட்காருங்க" என்று கேட்டுக்கொண்டார். மாமா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அது போதும் என்றார் ஊழியர்.

துணை இயக்குநரின் மேசையில் பளபளவென்று ஒரு பித்தளைத் தராசு இருந்தது.

"வாங்க மாமா" என்றார் துணை இயக்குநர். எப்படியோ அவருக்கும் வாயில் அதுதான் வந்தது. "சமநிலைன்னா என்னன்னு இதுல பாருங்க. ஒரு தட்டுல வீட்டுல இருக்கிற பிளாஸ்டிக். இன்னொரு தட்டுல அதைப் பத்தின கவலை. ரெண்டும் சமமா நின்னா நல்ல குடும்பம்."

"கவலைக்கு எடைக்கல் என்ன சார்?"

"அதுக்கு ஒரு துணைக் குழு போட்டிருக்கோம்."

மாமா தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க வீட்டுல ஒரு தட்டுல ஒரு தொட்டி, கொஞ்சம் பால் பாக்கெட். இன்னொரு தட்டுல ஒண்ணும் இல்லை. தொட்டியும் உடைஞ்சு போச்சுன்னா ரெண்டு தட்டும் காலி. அப்போ தராசு சமமாத்தானே சார் நிக்கும்?"

துணை இயக்குநர் பரிதாபமாகச் சிரித்தார். "காலித் தட்டு சமமா நின்னா அதுக்குப் பேரு சமநிலை இல்லை, அலட்சியம். உங்க கட்டடத்துலயே மேல்மாடியம்மா இருக்காங்களே, அவங்களைப் பாருங்க. எங்க நட்சத்திரக் குடும்பம். ஒரு அறை நிறைய பிளாஸ்டிக் டப்பா. வாராவாரம் புதுசு வாங்குறாங்க. வாங்கும்போதே கண்ணு கலங்கிடுது. கடைக்காரரே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கார்."

"வாங்காம இருந்துட்டா கண்ணே கலங்க வேண்டாமே சார்?"

"வாங்காம இருந்துட்டா எதைப் பத்திக் கவலைப்படுவாங்க?"

மாமாவுக்குப் பேருந்தில் தப்பான வழித்தடப் பலகையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டதுபோல இருந்தது. போகிற வழி சரிதான் என்று எல்லோரும் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள், அவருக்கு மட்டும் திருப்பம் தெரியவில்லை.

துணை இயக்குநர் எழுந்துவந்து அவர் தோளில் கை வைத்தார். "மனசு விட்டுச் சொல்றேன். பிளாஸ்டிக் என்னிக்காவது ஒழியும். நல்லதுதான். ஆனா கவலை ஒழியக்கூடாது. இந்த நாலு மாடியிலயும் எத்தனை பேர் வேலை பார்க்கிறாங்க தெரியுமா? எல்லாருக்கும் பிள்ளைகுட்டி இருக்கு. உங்க வீடு மாதிரி ஊரெல்லாம் ஆயிட்டா அவங்க கதி என்ன? கொஞ்சம் சமூகப் பொறுப்போட நடந்துக்கங்க. வர்ற ஞாயித்துக்கிழமை பயிற்சி முகாம் இருக்கு. வந்துடுங்க. அதுக்கப்புறம் நானே குழுவோட வந்து பார்க்கிறேன்."

*

முகாமுக்கு மாமா மட்டும் போனார். "எனக்கு அன்னிக்கு ஒருநாள்தான் வீட்டைத் துடைக்க நேரம். நீங்க போய்க் கவலைப்பட்டுட்டு வாங்க" என்று அத்தை சொல்லிவிட்டார்.

பெரிய கூடம். பயிற்சியாளர் கழுத்தில் ஒலிவாங்கியோடு மேடையில் உலாவினார். முதல் பாடம், பெருமூச்சு. "வயித்துலேருந்து வரணும். தோள் மேல ஏறி, பொத்துன்னு கீழே விழணும். முன்னாடி ஒரு டப்பா இருக்கிறதா நெனைச்சுக்கங்க. எங்க!" கூடமே பெருமூச்சு விட்டது. ஜன்னல் திரைகள் ஆடின. மாமாவுக்கு மூச்சு கொட்டாவியாக மாறிவிட்டது. அதைப் பார்த்துப் பக்கத்து வரிசை முழுக்கக் கொட்டாவி விட்டதில், பயிற்சியாளர் அந்தப் பகுதியை மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று.

அடுத்த பாடம், கடையில் பொருளை எடுக்கும்போது கை நடுங்குவது. எடுக்கலாம், ஆனால் நடுங்க வேண்டும். அதற்கு அடுத்தது, சாப்பாட்டு மேசையில் குடும்பத்தோடு உட்கார்ந்து கவலைப்படுவது. இதற்குச் சிறப்பு விருந்தினராக மேல்மாடியம்மா வந்திருந்தார். அவர் கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கரண்டியை எடுத்து, அதை உற்றுப் பார்த்து, "நீ எங்க போவே? என்ன ஆவே?" என்று தழுதழுத்தார். கூடத்தில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு அவர் அந்தக் கரண்டியைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை எடுத்தார்.

மத்தியானம் சாப்பாடு பிளாஸ்டிக் பெட்டியில் வந்தது. உள்ளே சின்னச் சின்னப் பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடி.

"திறக்கிறதுக்கு முன்னாடி எல்லாரும் பெட்டியை ஒரு தடவை வருத்தமாப் பார்த்துடுங்க" என்று பயிற்சியாளர் அறிவித்தார். "வருத்தத்தோட சாப்பிட்டது கணக்குல வராது."

மாமா வீட்டிலிருந்து எவர்சில்வர் டப்பாவில் சாப்பாடு கொண்டுபோயிருந்தார். அதைத் திறந்தவுடன் கூடமே திரும்பிப் பார்த்தது. பயிற்சியாளர் அருகே வந்து தணிந்த குரலில், "பயிற்சிக்கு ஒத்துழைக்கிற எண்ணமே இல்லையா உங்களுக்கு?" என்று கேட்டார்.

*

"எனக்கு வரலை" என்றார் மாமா, வீட்டுக்கு வந்து. "எவ்வளவோ முயற்சி பண்ணினேன். கவலையே வரமாட்டேங்குது."

"அது வராட்டி என்ன, போங்க."

"போங்கன்னா? சான்றிதழ் இல்லைன்னா பூட்டிடுவாங்க. ஒரு வழி இருக்கு. மேல்மாடியம்மாகிட்ட கொஞ்சம் டப்பாக்களைக் கடனா வாங்கிட்டு வந்து நம்ம வீட்டுல அடுக்கிடறேன். குழு வர்ற அன்னிக்கு மட்டும். அதைப் பார்த்துக் கவலைப்படற மாதிரி நின்னா போதும்."

"உங்களுக்கென்ன கிறுக்கா? தவழற பிள்ளைங்க இருக்கிற வீடு இது. கையில கெடைச்சதெல்லாம் வாய்க்குத்தான் போகும். அதுல வேஷம் வேற கட்டணுமா?"

இந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது ஒரு நர்ஸ் தன் குழந்தையைத் தூக்கிப்போக வந்தாள். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வார்டு வேலை என்பதால் அந்தக் குழந்தையை மட்டும் அத்தை அன்றும் பார்த்துக்கொள்வார். பல் முளைக்கிற பருவத்துப் பெண்குழந்தை. பார்ப்பதையெல்லாம் கடிக்கும். நர்ஸ் வாசலிலேயே நின்று முழுவதையும் கேட்டுவிட்டாள்.

"அத்தை, நீங்க மூடிட்டா நான் இவளை எங்க விடுவேன்? வார்டுக்கா தூக்கிட்டுப் போக முடியும்? வேலையை விட்டா வீட்டு வாடகை குடுக்கிறது யாரு? உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், ஒரே ஒரு நாளைக்குக் கவலைப்பட்டுத் தொலைங்களேன்!"

அத்தை குழந்தையைப் பார்த்தார். அது அவருடைய முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தது.

"சரி, கொண்டுவாங்க" என்றார் அத்தை. "ஆனா எல்லாம் உயர அலமாரியில இருக்கணும். ஒண்ணுகூட தரைக்கு வரக்கூடாது."

*

குழு வந்தது. துணை இயக்குநர் முன்னால், ஆய்வாளர் பின்னால், நடுவில் இரண்டு நிபுணர்கள், ஒரு புகைப்படக்காரர். அலமாரியில் டப்பாக்கள் வானவில் மாதிரி நின்றன. மாமா அவற்றின் அடியில் மோவாயில் கை வைத்து நின்றார். பல்வலிக்காரர்போல் இருந்தாலும் துணை இயக்குநருக்குத் திருப்தி.

"நல்ல முன்னேற்றம்" என்றார். "வில்லையைக் கட்டுங்க."

ஆய்வாளர் பையைத் திறந்தார். 'கவலைக்குரியது' என்று அச்சிட்டு நூல் கோத்த பளபளப்பான சிறுவில்லைகள் உள்ளே இருந்தன. வில்லைகளும் பிளாஸ்டிக்தான். ஸ்டூல் போட்டு ஏறி ஒவ்வொரு டப்பாவிலும் ஒன்றாகக் கட்ட ஆரம்பித்தார்.

"சார், பார்த்து. கீழே விழுந்துடப் போகுது" என்றார் அத்தை.

"வாரியத்து முத்திரைம்மா. விழாது."

அவர் சொல்லி முடிப்பதற்குள் கையிலிருந்து வில்லைகள் சரிந்து கொட்டின. நிபுணர்கள் குனிந்து பொறுக்கினார்கள். புகைப்படக்காரர் அவர்கள் பொறுக்குவதைப் படம் எடுத்தார். மூலையில் கட்டையை உருட்டிக்கொண்டிருந்த நர்ஸின் குழந்தை விறுவிறுவென்று தவழ்ந்து வந்தது. ஒரு வில்லை மின்னியது. எடுத்தது. வாயில் போட்டது.

அத்தை பாய்ந்தார். நிபுணர் ஒருவரை இடித்துத் தள்ளிக்கொண்டு போய்க் குழந்தையை மடியில் கவிழ்த்து, முதுகில் தட்டினார். இருமிக்கொண்டு குழந்தை வில்லையை எச்சிலோடு கீழே துப்பியது. பிறகு பெருங்குரலெடுத்து அழுதது. அந்த அழுகையைக் கேட்டபிறகுதான் அத்தைக்கு மூச்சே வந்தது. கையிரண்டும் உதறின. நெற்றியெல்லாம் வியர்வை. மாமா மோவாயிலிருந்து கையை எடுக்கக்கூட மறந்து சுவரோடு ஒட்டிப் போயிருந்தார்.

கைதட்டல் கேட்டது.

"அபாரம்!" என்றார் துணை இயக்குநர். "அந்த நடுக்கம் இருக்கே, முகாம்ல சொல்லிக் குடுத்தா வராது. போட்டோ எடுத்தீங்களா?"

"விட்டுட்டேன் சார்" என்றார் புகைப்படக்காரர்.

"பரவாயில்லை. அம்மா, அதையே இன்னொரு தடவை பண்ண முடியுமா? குழந்தையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பி."

அத்தை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். குரலை உயர்த்தவில்லை. காப்பகம் நடத்துகிறவர்களுக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துதான் போகும்.

"என்னங்க. அந்த டப்பா அத்தனையையும் எடுத்துட்டுப் போய் மேல்மாடியில குடுத்துட்டு வாங்க. இப்பவே. சார், தரையில ஒரு வில்லை மிச்சம் இருக்கக்கூடாது. நீங்க எல்லாரும் குனிஞ்சு தேடுங்க. பாய்க்கு அடியிலயும் பாருங்க."

குரலில் என்ன இருந்ததோ, எல்லோரும் குனிந்தார்கள். துணை இயக்குநரும் முட்டி போட்டுப் பாயைத் தூக்கிப் பார்த்தார். மாமா டப்பாக்களை மூட்டையாகக் கட்டித் தூக்கிப்போய்விட்டு வந்தார். வீடு பழையபடி ஆயிற்று.

துணை இயக்குநர் முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார். "நல்லா வந்துகிட்டிருந்ததைக் கெடுத்துட்டீங்களேம்மா. இப்போ மறுபடி இந்த வீட்டுல கவலையே இல்லாமப் போச்சே?"

"இருக்கு" என்றார் அத்தை.

"எதைப் பத்தி?"

"உங்களைப் பத்தித்தான். பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்குள்ள மறுபடியும் இந்தப் பையைத் திறந்துடுவீங்களோன்னு இருக்கு. இந்தப் பை கண்ணுல படற வரைக்கும் எனக்குத் தூக்கம் வராது."

துணை இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்குக் கண் பனித்திருந்தது.

"கேட்டீங்களாய்யா?" என்றார் குழுவைப் பார்த்து. "பிளாஸ்டிக் இல்லை. ஆனா கவலை இருக்கு! எத்தனை வருஷமா எத்தனை கூட்டம் போட்டோம், இது நமக்குத் தோணவே இல்லையே! நாளைக்கு ஊர்ல ஒரு டப்பாகூட இல்லாமப் போகட்டும். நாம இருக்கிற வரைக்கும் மக்களுக்குக் கவலை இருக்கும். நம்ம வேலைக்கு இனிமே ஆபத்தே இல்லை!"

நிபுணர்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஆய்வாளர் தன் முத்திரைக் கட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அங்கேயே, குழந்தைகள் சாப்பிடும் குட்டை மேசையில் வைத்து, துணை இயக்குநர் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். முதல் தரம். மாமா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். காப்பகம் தப்பித்தது.

"ஒரே ஒரு சந்தேகம்மா" என்றார் துணை இயக்குநர் பேனாவை மூடிக்கொண்டே. "இந்தக் கவலை உங்களுக்கு எவ்வளவு நாள் நிக்கும்?"

"நீங்க இங்கேருந்து போற வரைக்கும்தான்."

துணை இயக்குநர் குழுவைப் பார்த்தார். குழு அவரைப் பார்த்தது.

"அப்படின்னா நாங்க போகலை" என்றார் அவர் அன்பாக. பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

அத்தை அவர்களை ஒரு பார்வை பார்த்தார். சுவர்க்கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"இருக்கிறதுன்னா இருங்க. ஆனா இது தூங்கற நேரம். என் பிள்ளைங்க தூங்கும்போது இங்க யாரும் முழிச்சுக்கிட்டு உட்காரக்கூடாது. படுங்க எல்லாரும். பேச்சு சத்தம் வரக்கூடாது."

மாமா சட்டையை மாட்டிக்கொண்டு மத்தியான வண்டிக்குக் கிளம்பியபோது, பாயில் குழந்தைகள் ஒரு வரிசையாகவும் வாரியம் ஒரு வரிசையாகவும் படுத்திருந்தன. நர்ஸின் குழந்தை துணை இயக்குநரின் கழுத்துப்பட்டையைக் கடித்துக்கொண்டே தூங்கிப்போயிருந்தது. ஆய்வாளரின் குறட்டை கேட்டது. ஒரு நிபுணர் மட்டும் தலையைத் தூக்கி, "அத்தை, தண்ணி வேணும்" என்றார். அத்தை உதட்டில் விரலை வைத்தார். அவர் படுத்துக்கொண்டார்.

சாயங்காலம் தாய்மார்கள் ஒவ்வொருவராக ஓடிவந்து அவரவர் குழந்தையைத் தூக்கிப்போனார்கள். வாரியத்தைத் தூக்கிப்போகத்தான் யாரும் வரவில்லை.